ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வுமுறை மீது அக்கட்சி வாக்காளர்களுக்கே ஏன் இவ்வளவு கோபம்? 2016இல் சாண்டர்ஸை ஏமாற்றித்தான் தோற்கடித்தார்களா?

நியூ ஜெர்சியில் பதிவு பெற்ற ஜனநாயகக் கட்சி வாக்காளர் நான். குடியுரிமை வாங்கிய பிறகு நான் ஓட்டுப் போட்ட முதல் பிரைமரி (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் முதற்கட்டத் தேர்தல்) 2016இல் நடந்தது. அதனால் வெளியிலிருந்து பார்க்கிற ஒருவரின் பதிலாக இதை எழுதவில்லை. இந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான், அதனால்தான் எனக்குக் கோபமும் வருகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டைத் திருடித் தோற்கடித்தார்களா என்றால், இல்லை. ஹிலாரி கிளின்டன் வாங்கியது சுமார் 1.69 கோடி ஓட்டு, அவரை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸ் வாங்கியது சுமார் 1.32 கோடி. கட்சி மாநாட்டில் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் பிரதிநிதிகள்; ஓட்டின் மூலம் கிடைக்கும் பிரதிநிதிகளிலும் 2,205க்கு 1,846 என்று கிளின்டன்தான் முன்னிலை. தென் மாநிலங்களில் கறுப்பின வாக்காளர்கள் பெருந்திரளாக அவர் பக்கம் நின்றார்கள். அதை "சதி" என்று சொல்வது அந்த மக்களின் தீர்ப்பை அவமதிப்பதாகும். சாண்டர்ஸ் ஆதரவாளர்களான என் நண்பர்களிடமும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஆட்டம் நேர்மையாக நடந்ததா என்று கேட்டால் என் பதில் வேறு. 2016 ஜூலையில், பிலடெல்பியா மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு, கட்சியின் தேசியக் குழுவின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. நடுநிலையாக இருக்க வேண்டிய கட்சி அலுவலக நிர்வாகிகள், சாண்டர்ஸின் மத நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி எழுப்ப வைக்கலாமா என்று தங்களுக்குள் யோசித்தது அதில் அம்பலமானது. கட்சித் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாள் பதவி விலகல் அறிவித்தார். அடுத்த ஆண்டு, அவருக்குப் பின் இடைக்காலத் தலைவராக இருந்த டோனா பிரேசில் இன்னொன்றைச் சொன்னார். பிரைமரி தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, 2015 ஆகஸ்டில், கட்சிக்கும் கிளின்டன் பிரசாரத்துக்கும் ஒரு நிதி ஒப்பந்தம் போடப்பட்டிருக்கிறது. கட்சியின் சில பணி நியமனங்களில்கூட அந்தப் பிரசாரத்துக்குச் செல்வாக்குத் தந்த ஒப்பந்தம் அது.

என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகக் காயப்படுத்தியது இதையொட்டி ஃபுளோரிடாவில் நடந்த வழக்குதான். சாண்டர்ஸுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் சிலர், நடுநிலை என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கட்சிமீது வழக்குப் போட்டார்கள். அங்கே கட்சியின் வழக்கறிஞர் என்ன வாதிட்டார் தெரியுமா? கட்சி நினைத்தால் அந்தக் காலத்தைப் போல மூடிய அறைக்குள் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடியே வேட்பாளரை முடிவு செய்திருக்கலாம், அது கட்சியின் உரிமை என்ற பொருளில் வாதிட்டார். 2017 ஆகஸ்டில் வழக்குத் தள்ளுபடியானது. சட்டப்படி அவர் சொன்னதில் தப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவன் காதில் அது எப்படி விழும்?

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும், தொண்டர்களுக்குப் பிடிக்காவிட்டால் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று அங்கே யாரும் சொல்லிக்கொள்வதில்லை. இங்கே பிரைமரியை நடத்துவது பெரும்பாலும் மாநில அரசு. செலவு வரிப்பணத்தில் இருந்து போகிறது. பொதுத் தேர்தலுக்கு வைக்கும் அதே பள்ளிக்கூட ஹால், அதே இயந்திரம், அதே தேர்தல் ஊழியர்கள். பார்ப்பதற்கு எல்லாமே ஒரு தேர்தல். ஆனால் விதிகள் மட்டும் கட்சியின் சொந்த விவகாரம். தேவைப்படும்போது "மக்களின் குரல்" என்பார்கள், கேள்வி கேட்டால் "இது எங்கள் கட்சி" என்பார்கள். கோபத்தின் வேர் இந்த இரட்டை நிலைதான் என்பது என் கருத்து. சாண்டர்ஸோ கிளின்டனோ பைடனோ அதில் இரண்டாம்பட்சம்.

இதன் வரலாறு 1968இல் தொடங்குகிறது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிட மாட்டேன் என்று விலகினார். போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் பிரைமரிகளில் மோதினார்கள். கலிஃபோர்னியாவில் ஜெயித்த இரவிலேயே கென்னடி சுடப்பட்டார். கடைசியில் சிகாகோ மாநாட்டில் வேட்பாளராக வந்தவர் துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி. அவர் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடவில்லை. வெளியே தெருவில் இளைஞர்களைப் போலீஸ் அடித்துத் துவைத்தது, நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் ஒரு குழு அமைத்து, பிரதிநிதிகளை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும்படி விதிகளை மாற்றினார்கள். 1972இல் அதே மெக்கவர்ன் வேட்பாளராகி 49 மாநிலங்களில் தோற்றார். உடனே கட்சிப் பெரியவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. வாக்காளர்களை நம்பி முழுவதையும் விடக்கூடாது என்று 1984 முதல் சூப்பர் டெலிகேட் முறையைக் கொண்டுவந்தார்கள். எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோர் யார் ஓட்டும் இல்லாமலேயே மாநாட்டுப் பிரதிநிதிகள் ஆனார்கள்.

2016இல் இப்படி 700க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், மொத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். அவர்களால் முடிவு மாறவில்லை என்பது உண்மை. ஆனால் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் கிளின்டன் பக்கம் என்று அறிவித்துவிட்டதால், தொலைக்காட்சியில் அவர் எட்ட முடியாத உயரத்தில் இருப்பது போலவே தினமும் காட்டினார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 60 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்த மறுநாளும் அப்படித்தான். 2018 ஆகஸ்டில் கட்சி இதைத் திருத்தியது. மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பிலேயே முடிவு தெரியாத நிலை வந்தால்தான் இனி அவர்கள் ஓட்டுப் போட முடியும். நல்ல திருத்தம், சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் போராடி வாங்கியது. ஆனால் ஊர் முழுக்கப் பேசிய இந்தச் சூப்பர் டெலிகேட் விவகாரத்தைவிடப் பெரிய அநியாயம் நாட்காட்டியில் இருக்கிறது.

அயோவாவின் மக்கள்தொகை சுமார் 32 லட்சம்தான். நியூ ஜெர்சியில் 90 லட்சத்துக்கு மேல். 2020இல் அயோவாவுக்கு 41 பிரதிநிதிகள், எங்களுக்கு 126. ஆனால் அயோவா பிப்ரவரி 3 அன்று கூடியது. நாங்கள் வழக்கமாக ஜூனில்தான் ஓட்டுப் போடுகிறோம், கோவிட் காரணமாக அந்த வருடம் ஜூலை 7 வரை தள்ளிப்போனது. ஏப்ரலிலேயே சாண்டர்ஸ் விலகிவிட்டார். வீட்டுக்கு வந்த தபால் வாக்குச்சீட்டில் மட்டும் அவர் பெயர் இருந்தது. அயோவாவிலோ வேறு கூத்து. அங்கே அப்போது பிரைமரிக்குப் பதில் காகஸ் என்ற கூட்டம்: மாலை ஏழு மணிக்கு நேரில் போய், யாரை ஆதரிக்கிறாயோ அந்தக் கூட்டத்தோடு நிற்க வேண்டியிருந்தது. 15 சதவீதம் சேராத கூட்டம் கலைந்து வேறு பக்கம் போகலாம் என்பது விதி. இரவு வேலை பார்ப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் எல்லாம் என்ன செய்திருப்பார்கள்? 2020இல் முடிவுகளை அனுப்ப வைத்திருந்த செயலி வேலை செய்யாமல், யார் ஜெயித்தார் என்பதே பல நாள் இழுத்தது.

2016 ஜூன் 7 எங்கள் பிரைமரி. முந்தைய நாள் இரவு எட்டரை மணி வாக்கில் போனில் செய்தி வந்தது: தேவையான 2,383 பிரதிநிதிகள் கிளின்டனுக்குக் கிடைத்துவிட்டார்கள், வேட்பாளர் அவர்தான் என்று. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி உட்பட ஆறு மாநிலங்கள் மறுநாள்தான் ஓட்டுப் போடப் போகின்றன! சூப்பர் டெலிகேட்டுகளுக்குப் போன் போட்டுக் கேட்டு எண்ணிக்கையை முடித்துவிட்டார்கள். நான் கிளின்டனுக்குத்தான் ஓட்டுப் போடுவதாக இருந்தேன். அப்படியும் அந்தச் செய்தி எனக்குச் சந்தோஷம் தரவில்லை. இந்த நாட்டின் குடிமகனாக ஆசையோடு எதிர்பார்த்திருந்த ஓட்டு அது.

எங்கள் மாநிலத்தின் வாக்குச்சீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 வரை பெரும்பாலான கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதிகள்) கட்சி நிர்வாகம் ஆதரிக்கும் ஆட்களை எல்லாம் ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார்கள். அதிபர் வேட்பாளர் உச்சியில், அவருக்குக் கீழே செனட்டர், அதற்குக் கீழே எம்.பி., அப்புறம் கவுண்டி கமிஷனர், நகர சபை உறுப்பினர். இதற்கு "லைன்" என்று பெயர். அதில் இடம் கிடைக்காதவர் இரண்டு மூன்று காலிக் கட்டங்கள் தள்ளி, ஓரத்தில் தனியாகக் கிடப்பார். நிதானமாகத் தேடினால்தான் கண்ணில் படுவார். வேறு எந்த மாநிலத்திலும் இப்படி இருந்ததில்லை. 2024இல் செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த மார்ச் மாத இறுதியில் ஃபெடரல் நீதிமன்றம் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு லைனைத் தடை செய்தது. பல பத்தாண்டுகளாக அசைக்க முடியாது என்று சொல்லப்பட்டது ஒரே தீர்ப்பில் ஆட்டம் கண்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அதே 2024தான் அதிபர் வேட்பாளர் விஷயத்தில் படுமோசமான வருடம். பைடனுக்கு வயது 81. மறுபடி நிற்க வேண்டாம் என்று கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் நினைப்பதாகக் கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தன. கட்சி ஒரு விவாதம்கூட நடத்தவில்லை. ஃபுளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்ததால் அங்கே பிரைமரியே நடக்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயரை முதலிடத்தில் இருந்து கட்சி இறக்கியது, அந்த மாநிலம் கேட்காமல் ஜனவரி 23 அன்றே தேர்தலை வைத்தது, பைடன் பெயர் சீட்டிலேயே இல்லாமல் ஆதரவாளர்கள் அதைக் கையால் எழுதி அவரை ஜெயிக்க வைத்தார்கள். கட்சியின் எம்.பி.க்களில் மின்னசோட்டாவின் டீன் ஃபிலிப்ஸ் ஒருவர்தான், வயது ஒரு பிரச்சினை என்று வெளிப்படையாகச் சொல்லி எதிர்த்து நின்றார். அவரை ஒதுக்கிவைத்தார்கள். மார்ச் 12க்குள் பைடனுக்குப் பெரும்பான்மை வந்துவிட்டது. நாங்கள் ஜூன் 4 அன்று ஓட்டுப் போட்டோம். ஜூன் 27 விவாத மேடையில் அவர் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜூலை 21 அன்று விலகினார், கமலா ஹாரிஸை ஆதரித்தார். மறுநாள் இரவுக்குள் ஹாரிஸுக்குத் தேவையான பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டார்கள். மாநாடு சிகாகோவில் ஆகஸ்ட் 19 அன்றுதான், ஆனால் அதற்கு முன்பே இணையவழி வாக்கெடுப்பை நடத்தி முடித்துவிட்டார்கள்.

ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிப் பூஜை செய்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே எங்கள் தமிழ் நண்பர்கள் மத்தியிலும் உற்சாகம் கரைபுரண்டது. சியாமளா கோபாலனின் மகள் அந்த இடத்துக்கு வந்ததில் எனக்கும் பெருமைதான். நேரம் இல்லை என்ற வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதிபர் வேட்பாளராக ஹாரிஸைப் பிரைமரி வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தது கிடையாது. 2020க்கான போட்டியிலும், முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகிவிட்டவர் அவர். பிரைமரிகளில் அடிபட்டுத் தேறி வந்திருந்தால் அவருக்கே அது பலமாக இருந்திருக்கும். உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டபோது அவரிடம் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும். அந்த வாய்ப்பைக் கட்சி அவருக்கும் கொடுக்கவில்லை, எங்களுக்கும் கொடுக்கவில்லை. நவம்பரில் என்ன நடந்தது என்று தெரியும்.

குடியரசுக் கட்சி மட்டும் ஒழுங்கா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. டிரம்ப் அதிபராக இருந்த 2020இல் அவர்களும் பல மாநிலங்களில் பிரைமரியை ரத்து செய்தார்கள். ஆனால் அதைச் சொல்லி என் கட்சியின் தவறை நான் மூட முடியாது.

என்ன மாற வேண்டும் என்றால், முதலில் மாநிலங்களின் வரிசை தேர்தலுக்குத் தேர்தல் சுழல வேண்டும். பதவியில் இருக்கும் அதிபரே நின்றாலும் விவாதம் கட்டாயம் நடக்க வேண்டும். அப்புறம் விருப்ப வரிசையில் ஓட்டுப் போடும் முறை. 2020இல், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாய்க்கு முந்தைய இரண்டு நாட்களில், போட்டியில் இருந்த பூட்டிஜஜ்ஜும் குளோபுச்சாரும் விலகினார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே தபாலில் ஓட்டுப் போட்டவர்களின் ஓட்டு வீணாய்ப் போனது. அதே வருடம் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் ஆகிய நான்கிலும் கட்சியே விருப்ப வரிசை முறையில் பிரைமரியை நடத்தியது. முதல் விருப்பம் தேறாவிட்டால் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். அங்கே முடிந்தது மற்ற மாநிலங்களிலும் முடியும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்கள், பிரைமரி அன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். அதே சீட்டின் கீழ்ப்பகுதியில் கவுண்டி கமிட்டி என்று ஒரு பதவி இருக்கும். உங்கள் வாக்குச்சாவடிப் பகுதிக்கான கட்சி உறுப்பினர் அவர். கவுண்டித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இவர்கள்தான். எத்தனையோ இடங்களில் அந்தப் பதவிக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் கட்டம் காலியாகக் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் கொஞ்சம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் உங்கள் பெயரே அதில் வரும்.