ஒரு நூலுக்கு ஒரு வாக்கியம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், படித்த நாவலை ஒரே வாக்கியத்தில் அறிமுகப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். எத்தனை முறை முயன்றாலும் ‘மனித மனத்தின் ஆழங்களைத் தொடும் படைப்பு’ என்பதைத் தாண்டி எனக்கு எழுத வரவில்லை. பெரிய நாவலொன்றை ஒரு வாக்கியத்தில் அடக்குவது அந்நூலுக்குச் செய்யும் அநீதி அல்லவா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முழு நூலையும் அடக்க முயன்றால் அநீதிதான். கேட்பவர் ‘ஏன்?’ என்று கேட்கும்படி செய்துவிட்டாலே அந்த வாக்கியம் தன் வேலையை முடித்துவிட்டது என்பது என் எண்ணம்.

சிலப்பதிகாரத்தின் முன்னுரையாக அமைந்த பதிகத்தை எடுத்துப் பாருங்கள். குணவாயிற்கோட்டத்தில் துறவியாக இருக்கும் இளங்கோவடிகளிடம் குன்றக் குறவர்கள் வந்து, வேங்கை நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பத்தினி ஒருத்திக்கு வானவர்கோனின் சுற்றத்தார் அவள் கணவனைக் காட்டி, தங்கள் கண்ணெதிரிலேயே அவளையும் விண்ணுலகுக்கு அழைத்துச் சென்றதைச் சொல்கிறார்கள். 30 காதைகள் கொண்ட காப்பியத்தில் கண்ணகியின் முடிவு முதலிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஆனாலும் சுவை சிறிதும் குறைவதில்லை. ஏனெனில், அவள் யார், எந்த ஊர், அந்தக் கோலத்துக்கு ஏன் ஆளானாள் என்பதெல்லாம் சொன்னவர்களுக்கே தெரியாது. விளக்கமோ புகழுரையோ கலக்காமல் கண்டதை மட்டும் சொன்னதால்தான், அருகிலிருந்த புலவர் சாத்தனார் ‘யான் அறிகுவன் அது பட்டது’ என்று கதையைத் தொடங்க இடம் கிடைக்கிறது.

அதே பதிகத்தில், நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த இன்னொரு வாக்கியமும் உண்டு. அரசியலில் பிழை செய்தோர்க்கு அறமே கூற்றாகும், புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்னும் மூன்று உண்மைகளையும் சிலம்பு காரணமாகச் சொல்ல எழுந்த நூல் என்கிறது அது. அந்தச் சிலம்பை எடுத்துவிட்டால் மூன்று உண்மைகளும் எந்த அறநூலுக்கும் பொருந்திவிடும். ஒரு பெண்ணின் காற்சிலம்பு அரசனின் உயிர்வரை சென்று முட்டுவதுதான் அந்த வாக்கியத்தை இந்தக் காப்பியத்துக்கே உரியதாக்குகிறது. மாதவிக்கு அதில் இடமில்லை. கோவலனையும் அவளையும் பிரித்த கானல்வரிப் பாடல்களுக்கும் இடமில்லை. இவை விடுபட்டதைக் குறையாக நான் கருதவில்லை. உள்ளே நுழைகிறவர் தாமாகவே கண்டடையட்டும். பதிகம் பிற்காலத்தில் வேறொருவரால் சேர்க்கப்பட்டது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அப்படியானால், உங்களைப் போலவே நூலைப் படித்து முடித்த ஒருவர் அடுத்த வாசகருக்காக எழுதிய வரிகள் அவை.

உங்கள் வாக்கியத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எத்தனையோ நாவல்களின் பின்னட்டையில் அச்சிடலாம். வேறொரு நூலின் பெயரைப் பொருத்திப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் தயங்காமல் அடித்துவிடுங்கள். பிறகு நாவலை மூடிவைத்துவிட்டு, அதில் யாரோ ஒருவர் செய்த, உங்களால் மறக்க முடியாத ஒரு செயலை, அதற்கு இடமான பொருளோடு சேர்த்து எழுதுங்கள். ஏன் செய்தார் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.