சொரியாசிஸ்: தோல் செல்களின் அவசரம்

சொரியாசிஸ் என்ற தோல் நோயில் தோல் செல் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா டாக்டர்?

தெரியாது. அதைத் தோலில்தான் பார்க்க முடியும். செதில் படிந்த தோல் படையிலிருந்து மிளகளவு சதை எடுத்து, கேஐ-67 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். பிரிந்து பெருகும் செல்களில் மட்டுமே இது இருக்கும். நல்ல தோலில் அடியடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். சொரியாசிஸ் படையில் நெருக்கமாக, மேலடுக்குகள் வரைக்கும் தெரியும்.

தோலுக்கு உறுதி தரும் கெரட்டின் என்ற புரதம் சொல்வது இன்னும் சுவாரசியமானது. சாதாரணமாக மேலேறும் செல்கள் கெரட்டின் 1, 10 வகைகளைத் தயாரிக்கும். சொரியாசிஸில் 6, 16, 17 வகைகள் வந்துவிடுகின்றன. இவை காயம் ஆறும்போது வருபவை. அதாவது, காயமே இல்லாத இடத்தில் காயம் பட்டதுபோல் தோல் ராப்பகலாக உழைக்கிறது. அடியடுக்கிலிருந்து மேலே வர சுமார் ஒரு மாதம் எடுக்கும் பயணத்தை செல் நான்கைந்து நாளில் முடிக்கிறது. முற்றாத செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்வதுதான் அந்த வெள்ளிச் செதில்.

இதெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்குத்தான். அனுபவமுள்ள தோல் மருத்துவர் பொதுவாகப் பார்த்தே சொல்லிவிடுவார். இதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார்கள். புற்றுநோய் மருந்தாமே? பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் புரிகிறது. மருந்து அதேதான், ஆனால் அளவு வேறு. சொரியாசிஸ் புற்றுநோயும் இல்லை. செல் பிரிய டிஎன்ஏ வேண்டும், அதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அந்த வழியை இந்த மருந்து அடைக்கிறது. தோல் செல்லைத்தான் அடக்குகிறது என்று வெகுகாலம் நினைத்தோம். 1979-இல் மூட்டுவாதத்துக்காக சைக்ளோஸ்போரின் கொடுத்த சொரியாசிஸ் நோயாளிகளுக்குத் தோலும் தெளிந்தது. அது டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை அடக்கும் மருந்து. தோலை விரட்டுவது நோயெதிர்ப்புச் செல்கள்தான் என்பதற்கு அது பெரிய தடயம். குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட்டும் முக்கியமாக அவற்றைத்தான் அடக்குகிறது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சொன்ன நாளில் பரிசோதியுங்கள். மது வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிட்டால் ஆணோ பெண்ணோ முன்கூட்டியே சொல்லுங்கள்.

எனக்கு யூரிக் அமிலமும் கூடியிருக்கிறது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். செல்கள் வேகமாகப் பிறந்து அழியும்போது அவற்றின் பியூரின் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. உடல் பருமனும் காரணமாகலாம். ஆனால் மூட்டு வலித்தால் கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலி) என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காலையில் மூட்டு இறுகுவது, ஒரு விரல் முழுவதும் வீங்குவது சொரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம்.

ஸ்டீராய்டு மாத்திரையில் ஒரே வாரத்தில் மறைந்தது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பியது. ஏன்?

தோல் தெளிந்தாலும் நோயை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அதே இடத்தில் தங்கியிருக்கும். கட்டுப்பாடு விலகியதும் ஐஎல்-17 போன்ற, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை மறுபடி அனுப்பும். களிம்பாகப் பூசும் ஸ்டீராய்டு வேறு விஷயம், மருத்துவர் சொன்னபடி பூசலாம். மாத்திரையையோ ஊசியையோ திடீரென நிறுத்தினால் சீழ்க் கொப்புளங்களோடு உடம்பெல்லாம் சிவக்கவும் கூடும். காய்ச்சலோடு அப்படி வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.