பனியன் கம்பெனி வேலைக்கான ஆன்லைன் வகுப்பில் வீடியோ மட்டும் போதுமா?

கேள்வி: திருப்பூரில் துணித் தரம் பார்க்க ஆன்லைனில் சொல்லித் தருகிறோம். 40 நிமிட வீடியோவை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. என்ன மாற்றலாம்?

முதலில் நீளத்தைக் குறையுங்க. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீண்டாலும் மாணவர்கள் பார்த்த இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்காக 40 நிமிடத்தை அப்படியே ஏழாக வெட்டினாலும் பயன் இல்லைங்க. ஒரு துண்டுக்கு ஒரு வேலைதான் இருக்கணும்.

ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) பாடத்தையே எடுத்துக்குவோம். வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகுவது கைவேலை. அதற்கு வீடியோதான் சரி, 3 நிமிடம் போதும். கேமரா செய்பவரின் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரே வைத்தால் இடது வலது மாறி, பார்ப்பவர் கை தடுமாறும். கட்டர் வெட்டுவது 100 சதுர செ.மீ.; தராசில் 1.80 கிராம் என்றால் 100ஆல் பெருக்கி 180 ஜிஎஸ்எம். இந்தக் கணக்கை வீடியோவுக்குள் புதைக்காதீங்க, ஒரு பக்கத் தாளாகக் கொடுங்க. சிங்கிள் ஜெர்சி, ரிப் என்ற இரண்டு பின்னல் வகைகளின் கண்ணி வித்தியாசத்துக்கு அசையாத படம்தான் நல்லது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் கண்ணி கலங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பணும்.

எங்கும் நடக்கிற பெரிய தப்பு, ஸ்லைடில் முழு வாக்கியங்களைப் போட்டு அதையே வாசிப்பது. கண் ஓடும் வேகம் வேறு, குரல் வேகம் வேறு. இரண்டையும் ஒப்பிட்டே மனசு களைத்துவிடும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் சொல்வதும் இதுதான். புதுச் சொற்களை மட்டும் திரையில் காட்டுங்க. மெஷின் சத்தத்தில் பார்ப்பவர்களுக்காக, தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளும் சப்டைட்டில் தனியாக இருக்கட்டும்.

ஆடியோவில் புதுப் பாடம் வேண்டாம். பல்லடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர் நேற்றையதைத் திரும்பக் கேட்க அது உதவும். 32 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் 5 நிமிட ஆடியோ 1.2 எம்பிதான். "இவர் பார்த்துப் படிப்பவர், அவர் கேட்டுப் படிப்பவர்" என்று ஆளைப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம். அந்தப் பிரிவினைக்குப் போதிய ஆதாரம் இல்லை. ஊடகத்தைத் தீர்மானிப்பது பாடம்தான்.

ஒவ்வொரு துண்டு முடிந்ததும் ஒரு கேள்வி வைங்க. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாருமே ஆமாம் என்பார்கள். இப்படிக் கேளுங்க: "ஆர்டர் 180 ஜிஎஸ்எம், 5 சதவீதம் கூடக் குறைய ஏற்கலாம். தராசில் 1.62 கிராம். பாஸா?" விடை 162, கீழ் வரம்பு 171, ஃபெயில். 16.2 என்றவர் 10ஆல் பெருக்கியிருக்கிறார், அவருக்குக் கணக்குத் தாள் போகணும். 162 போட்டும் பாஸ் என்றவருக்குச் சதவீதத்தில்தான் சிக்கல். முழு வீடியோவையும் மறுபடி பார்க்கச் சொல்லாமல் அவரவர் தடுமாறிய பகுதியை மட்டும் அனுப்புங்க.