விடியலில் மேலே பாய்ந்த மீன் வெயிலில் எங்கே போகிறது?

டெக்சாஸின் டாலஸ் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "ஜூலையில் ஒரு நாள் முழுவதும் லேக் ஃபோர்க் ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காகப் படகிலிருந்து தூண்டில் வீசினேன். விடியற்காலையில் டாப்வாட்டர் லூர் எனப்படும், நீர்ப்பரப்பில் மிதக்கும் செயற்கை இரையின் மேல் மூன்று முறை மீன் பாய்ந்தும் ஒன்றுகூட முள்ளில் மாட்டவில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு, இழுக்கும்போது நீருக்குள் இறங்கி நீந்தும் கிராங்க்பெய்ட் லூருக்கு மாறினேன்; நிறத்தைப் பலமுறை மாற்றியும் மாலை வரை ஒரு கடிகூட இல்லை. எங்கே தவறினேன்?"

காலையில் நேர்ந்த தவறு எளிதில் திருத்தக்கூடியது. நீர் சிதறும் சத்தம் கேட்டதும் தூண்டில் கோலைச் சுண்டியிருப்பீர்கள். மீன் லூரை வாய்க்குள் இழுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நாம் சுண்டிவிட்டால் லூர் வெறுமனே பறந்து வரும். கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். தூண்டில் நரம்பில் மீனின் கனம் தெரிந்த பிறகே கோலைப் பக்கவாட்டில் இழுங்கள். பாய்ந்த மீன் தவறவிட்டாலும் லூரை உடனே சுருட்டிவிடாமல் சற்று நிறுத்தி மீண்டும் மெல்ல ஆட்டினால், அதே மீன் திரும்பி வருவதுண்டு. இதற்குத் தங்கூசி எனப்படும் சாதாரண நைலான் நரம்பே ஏற்றது. ஃபுளோரோகார்பன் என்னும் வேறுவகை நரம்பு நீரில் அமிழ்ந்து லூரின் மூக்கைக் கீழே இழுத்து அதன் ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

ஒன்பது மணிக்குப் பிறகு நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மங்கிய ஒளியில் கரையோரப் புல்லிலும் ஆழமற்ற இடங்களிலும் இரை தேடிய பாஸ் மீன்களில் பெரும்பகுதி, வெயில் ஏறியதும் ஆழத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆனால் அவை ஏரியின் அடிமட்டம் வரை போவதில்லை. கோடையில் சூடான மேல்நீரும் குளிர்ந்த கீழ்நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிந்து நிற்பதால், எல்லைக்குக் கீழேயுள்ள நீரில் ஆக்சிஜன் குறைந்துபோய் மீன் தங்க முடியாத நிலை உருவாகிறது. தெர்மோகிளைன் எனப்படும் அந்த எல்லை, ஒலியலைகளால் நீரின் அடியைக் காட்டும் சோனார் கருவியின் திரையில் நீருக்கு நடுவே மங்கலான பட்டையாகத் தெரியும். பட்டை இருபது அடியில் தெரிந்தால் முப்பது அடி ஆழத்தில் தேடுவது வீண் உழைப்பு. அதற்குச் சற்று மேலே, பதினைந்து பதினாறு அடியில் தரை கிடைக்கும் இடங்களையே தேட வேண்டும்.

லேக் ஃபோர்க்கில் அத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. 1980இல் அணை கட்டி நீர் தேக்கப்பட்டபோது பழைய சாலைகளும், பண்ணைக் குளங்களின் கரைகளும், ஏராளமான மரங்களும் அப்படியே மூழ்கின. மூழ்கிய சாலை ஓடை வாய்க்காலைச் சந்திக்கும் விளிம்பும், நீருக்குள் நீளும் நிலமுனைகளும் கோடை மீன்கள் கூடுமிடங்கள். ஷாட் என்னும் சிறுமீன் கூட்டம் சோனாரில் தெரியாத இடத்தில் நான் நெடுநேரம் நிற்பதில்லை.

இப்போது கிராங்க்பெய்ட். நிறத்தில் நீங்கள் செலவிட்ட கவனம் ஆழத்துக்குச் சேர வேண்டியது. முன்புறம் நீண்ட அகன்ற தகடு கொண்ட லூர் ஆழமாக இறங்கும். குட்டையான சதுரத் தகடு கொண்டது சில அடிகளுக்கு மேல் இறங்காது. தரை பதினான்கு அடியில் இருந்தால் பதினாறு அடி இறங்கக்கூடிய லூரைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அது தரையை உரசி, கல்லிலோ அடிக்கட்டையிலோ முட்டித் திசை மாறும் அந்த நொடியில்தான் சோம்பிக் கிடக்கும் மீன்கூடப் பாய்கிறது. முட்டாமல் நடுநீரில் நீந்திவரும் லூரை அவை பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருந்துவிடும்.

லூரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆழம் தானாகக் கிடைத்துவிடாது. வீச்சின் முற்பகுதியில் லூர் இறங்கிக்கொண்டும் பிற்பகுதியில் படகை நோக்கி ஏறிக்கொண்டும் இருப்பதால், முழு ஆழத்தில் அது ஓடுவது நடுப்பகுதியில் மட்டுமே. ஆகவே மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் வீசி, அந்த இடம் பாதையின் நடுவில் வருமாறு படகை நிறுத்துங்கள். இங்கே ஃபுளோரோகார்பன் உதவும். பத்து அல்லது பன்னிரண்டு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு மெல்லியதாக இருப்பதால் தடிமனான நரம்பைவிட லூரை ஆழமாக இறங்கவிடும். கட்டையில் சிக்கினால் வலித்து இழுக்காதீர்கள். நரம்பைத் தளர்த்தினால் மிதக்கும் தன்மையுள்ள லூர் பெரும்பாலும் தானே விடுபட்டு மேலெழும், அப்போதே மீன் கவ்வுவதும் உண்டு. ஒரு மீன் மாட்டினால் அதே கோணத்தில் உடனே மறுபடி வீசுங்கள், கோடையில் அவை கூட்டமாக நிற்கின்றன.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால், போராடிக் களைத்த மீன் எளிதில் இறந்துவிடும். கையை நனைத்துப் பிடித்து, படம் எடுப்பதானால் சில நொடிகளில் முடித்து, நீரில் விடுங்கள். இந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸ் மீன்களை விட்டுவிட வேண்டும் என்பது விதி. 1992இல் பிடிபட்ட 18.18 பவுண்டு எடையுள்ள மாநிலச் சாதனை மீன் இந்த ஏரியில் வளர்ந்ததே, ஆகவே அளவுகோலைப் படகில் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருங்கள்.