சென்னை கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னம் எந்தப் போருக்கானது?

ஒரே போருக்கானது அல்ல. புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே, மெரினாவின் வடக்கு முனையில் உள்ள இந்தச் சின்னம், முதல் உலகப் போர் வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்டது. அப்புறம் இரண்டாம் உலகப் போர், 1948 காஷ்மீர், 1962 சீனப் போர் என அடுத்தடுத்த தலைமுறை வீரர்களுக்கும் அதுவே நினைவிடமானது. குடியரசு தினத்தன்று ஆளுநர் மலர்வளையம் வைப்பதும் இங்கேதான்.

ஆனால் இதைவிட என்னை அதிகம் உலுக்குவது, அதே முதல் உலகப் போரைச் சொல்லும் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டு. 1914-19 போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்கிறது. பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டுமே. அந்தப் பதினான்கு பெயர்களையும் தேடிப் பொறிக்க வேண்டும். காய்கறி வாங்கப் போனால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.