அண்ணப்பிளவு ஆபரேஷன் முடிஞ்சு வந்த குழந்தை எதையும் குடிக்க மாட்டேங்குதே, எப்ப சரியாகும்?

பத்து மாசப் பொண்ணு, ஆபரேஷன் ஆகி நாலு நாள், சங்குல பால் கொண்டு போனாலே தலைய திருப்பிக்கிறா, ராத்திரி பூரா குறட்டைன்னு எழுதிருக்கீங்க. எங்க பையனுக்கும் அண்ணம், அதான் வாயோட மேல்கூரை, பிளந்துதான் இருந்துச்சு, 11 மாசத்துல ஆபரேஷன் பண்ணோம், இப்ப மூணு வயசு, நாங்க பாலக்கோடு பக்கம். அதனால எங்களுக்கு நடந்தத சொல்றேன், மருந்து விஷயத்துக்கு உங்க டாக்டர் சொல்றதுதாங்க கணக்கு.

குறட்டைக்கு பயப்படாதீங்க, இத்தனை நாள் மூக்கும் வாயும் ஒண்ணா திறந்து கெடந்துச்சு, இப்ப நடுவுல சுவர் வச்ச மாதிரி அடைச்சிருக்காங்க, உள்ள வீக்கமும் இருக்கும், பிள்ளை புதுசா மூச்சு விடப் பழகுது. தலைய கொஞ்சம் தூக்கி வச்சு படுக்க வச்சோம், ஒரு வாரத்துல குறைஞ்சுது. ஆனா மூச்சுக்கு திணறி நெஞ்சு உள்ள வாங்குனா உடனே ஓடிடணும். எச்சில்ல லேசா ரோஸ் கலர் எங்களுக்கு ரெண்டு நாள் வந்துச்சு, அது சகஜம்னாங்க, புது ரத்தமா திரும்ப திரும்ப வந்தா வீட்ல உக்காந்து பாக்கக் கூடாது.

குடிக்கிறதுதாங்க பெரிய போராட்டம். வலி இருக்கறப்ப எந்தப் பிள்ளையும் வாய தொறக்காது, டாக்டர் எடைக்கு தகுந்த மாதிரி எழுதித் தந்த பாராசிட்டமால குடுத்து அரை மணி நேரம் கழிச்சு பால் குடுத்தா எறங்கும், இது எனக்கு மூணாவது நாள்தான் புரிஞ்சுது, அதுவரைக்கும் நானும் அழுதேன் அவனும் அழுதான். சங்க நடுவுல கொண்டு போகாம கன்னத்து ஓரமா வச்சு துளித்துளியா ஊத்துங்க. பாட்டில், ஸ்ட்ரா, எவர்சில்வர் ஸ்பூன் மூணும் வேண்டாம்னுட்டாங்க, உறிஞ்சுனா தையல் இழுக்கும், ஸ்பூன் நுனி பட்டாலும் கிழிஞ்சிடும். மூணு வாரமும் தண்ணியாதான், கேவுரு மாவ துணில வடிகட்டி பால் மாதிரி காய்ச்சி ஆற வச்சு குடுத்தேன், பருப்புத் தண்ணி, மோர். ஒவ்வொரு தடவையும் கடைசில ரெண்டு மடக்கு வெறும் தண்ணி, அதுதான் வாய கழுவுற மாதிரி. எவ்வளவு குடிச்சாங்கறத விட ஒண்ணுக்கு போறாளான்னு பாருங்க, ஆறு எட்டு மணி நேரமா போகலைன்னாலோ சோர்ந்து கெடந்தாலோ ட்ரிப்ஸ் தேவைப்படும், யோசிக்காம கூட்டிட்டுப் போங்க.

கை விரல் வாய்க்குள்ள போகக் கூடாதுன்னு முழங்கைய மடக்க முடியாம கட்டிவிட்டிருப்பாங்களே, அது எச்சில்ல நனைஞ்சு நாறிப்போச்சு, அப்புறம் அட்டைய சுருட்டி பழைய வேட்டித் துணி சுத்தி நாங்களே நாலு செட் பண்ணி மாத்தி மாத்தி கட்டுனோம். ஒவ்வொரு கையா அவுத்து நம்ம பிடியிலயே வச்சு நீவி விடணும், தோல் செவந்திருக்கான்னும் பாத்துக்கணும். எங்க அத்தை பாவம், பிள்ளை கைய கட்டி வச்சிருக்கீங்களேன்னு ஒரு நாள் ரெண்டையும் அவுத்து விட்டுட்டாங்க! இதே அத்தைதான் கிரகணத்தன்னைக்கு கத்தி எடுத்தியான்னு என்னை ஒரு வருஷம் கேட்டவங்க. அண்ணம் வயித்துக்குள்ள மூணு மாசத்துக்குள்ளயே சேர்ந்து முடிஞ்சிடும், கத்திக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் அவங்க முன்னாடியே சொன்னதும்தான் விட்டாங்க.

ரெண்டாவது வாரம் ரிவ்யூக்கு சேலம் போறப்ப தொப்பூர் கணவாய் எறக்கத்துல பஸ்ல வாந்தி எடுத்துட்டான், என் புடவை பூரா. முன்னாடியெல்லாம் வாந்தின்னா பாதி மூக்கு வழியாதான் வரும், அன்னைக்கு மூக்குல ஒரு சொட்டு இல்ல, நானும் அவங்கப்பாவும் புடவைய தொடைச்சிட்டே சிரிக்கிறோம், பக்கத்து சீட்டு அம்மா எங்கள ஒரு மாதிரி பாத்தாங்க. சில பிள்ளைங்களுக்கு சின்ன ஓட்டை நின்னுடும், திரும்ப மூக்கு வழியா பால் வந்தா ரிவ்யூல சொல்லிடுங்க.

காது டெஸ்ட்ட மட்டும் தள்ளிப் போடாதீங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கும், நமக்கு வெளிய தெரியாது. எங்க பையன் ம, ந எல்லாம் சொல்வான், ப, க, ட வராது, அதுக்கு வாய்க்குள்ள காத்து நிக்கணுமாம், ஒன்றரை வயசுல ஸ்பீச் தெரபி ஆரம்பிச்சோம். பிள்ளைங்கள பரிசோதிக்க அங்கன்வாடிக்கு வர்ற ஆர்பிஎஸ்கேங்கற அரசு மருத்துவ டீம்கிட்ட கேளுங்க, மாவட்ட சென்டருக்கு எழுதித் தருவாங்க, காசு கிடையாது.

இன்னொண்ணு, புதுச் சங்கு வாங்கிருந்தா மூக்குப் பக்கம் ஓரம் கூரா இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, எங்களுது இருந்துச்சு, கடைக்காரரே தேய்ச்சுக் குடுத்தார்.