மஹிந்திரா தார் ஜீப்பில் 33 இன்ச் டயர் போட ஆசை. 17, 18, 20-இல் எந்த அளவு வீல் வாங்குவது?

17 வாங்குங்கள். 20 வேண்டவே வேண்டாம். ஆனால் 33 இன்ச் டயர் தேவையா என்பதை அதற்கு முன்னால் பேசிவிடுவோம்.

கேட்டவரிடம் இருப்பது கம்பெனி 18 இன்ச் அலாயோடு வந்த தார். ராமேஸ்வரம், வாலிநோக்கம் பக்கம் மணலில் ஓட்ட வேண்டும், 20-க்கு ஏறினால் பார்க்க எடுப்பாக இருக்குமே என்கிறார். நான் தொண்டிக்குத் தெற்கே ஓர் இறால் பண்ணையில் வேலை பார்க்கிறேன். பண்ணைக்குப் போகிற வழி கொஞ்சம் மணல், கொஞ்சம் உப்புச் சேறு, இரண்டுக்கும் நடுவே கருவைக்காடு. ஆகையால் எனக்குத் தெரிந்தது இந்தக் கரைக்கு ஒத்துவருகிற கணக்கு மட்டும்தான். இமயமலை ஏறுகிறவர்கள் வேறு ஆளைக் கேளுங்கள்.

உங்கள் வண்டியில் இப்போது இருப்பது 255/65 ஆர்18, அதாவது டயர் அகலம் 255 மில்லிமீட்டர், ரப்பர் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 18 இன்ச். அதன் மொத்த உயரம் சுமார் 789 மில்லிமீட்டர், அதாவது 31 இன்ச். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. 33 என்று விற்கப்படும் 285/70 ஆர்17 டயரின் உயரம் சுமார் 831. வித்தியாசம் 42 மில்லிமீட்டர். அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். டயர், வீல், சஸ்பென்ஷன் உயர்த்தும் கிட், ஃபெண்டர் ஓரத்தை வெட்டும் கூலி எல்லாம் கொடுத்த பிறகு பின் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைப்பது 21 மில்லிமீட்டர். ஒரு இன்ச் கூட இல்லை. மணலில் அந்த 21 மில்லிமீட்டரால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது.

நடப்பது சைடுவாலால். ரிம் விளிம்பிலிருந்து தரை வரை நிற்கிற ரப்பரின் உயரத்தைச் சொல்கிறேன். 33 இன்ச் டயரை 20 இன்ச் ரிம்மில் போட்டால் அது ஆறரை இன்ச். 18-இல் ஏழரை, 17-இல் எட்டு, 16-இல் எட்டரை. டயரின் வெளி உயரம் மாறாதபோது ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர் குறைகிறது. மணலில் இறங்கும்போது காற்றை 16, 18 பிஎஸ்ஐ வரை இறக்குகிறோம் இல்லையா, அப்போது டயர் நசுங்கித் தரையில் நீளமாகப் படிய வேண்டும். அகலம் கூடுவது கொஞ்சம்தான், நீளம்தான் நன்றாகக் கூடும். வண்டி புதையாமல் மேலே மிதந்து போவது அந்த நீளத்தால். ரப்பர் குட்டையாக இருந்தால் நசுங்க இடமில்லை, கொஞ்சம் கூடுதலாகக் காற்றை இறக்கினாலும் ரிம் தரையில் இடிக்கும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மணலிலும் தண்ணீரிலுமாக வேன்கள் போய்வந்தது ஞாபகம் இருக்கும். அந்த ஓட்டுநர்கள் யாரும் ரிம்மின் பளபளப்பைப் பார்த்து டயர் வாங்கியதில்லை.

இன்னொன்று, இங்கே எல்லா மணலும் ஒன்றல்ல. ஆண்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அலை அடித்துக் குவித்த மணல். காற்றை இறக்கி, வேகத்தை விடாமல், திடீரென்று திருப்பாமல் போனால் போய்விடலாம். பெண்கடல் பக்கம், தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை, பல இடங்களில் மேலே காய்ந்த உப்புப் பொருக்கு, கீழே உளை. பார்த்தால் சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். முன்சக்கரம் பொருக்கை உடைத்ததும் வண்டி அடித்தட்டு வரை உட்கார்ந்துவிடும். அங்கே 33 என்ன, 37 போட்டாலும் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டுவதுதான் ஒரே வழி.

அடுத்தது முள். சீமைக்கருவேலம் இல்லாத பாதை நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? டயர் தரையில் படுகிற பட்டன் பக்கம் ஏறுகிற முள்ளைப் பற்றிக் கவலை இல்லை. டியூப்லெஸ் டயரில் திரி வைத்து அடைத்துக்கொள்ளலாம். ஆபத்து வெட்டிய கட்டைகளில். கரிமூட்டத்துக்கு வெட்டுகிறவர்கள் அரிவாளைச் சாய்த்து வெட்டுவதால், தரைக்கு ஒரு சாண் மேலே கூராக நிற்கும். சைடுவால் கிழிந்தால் பஞ்சர் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். உயரமான சைடுவால் நல்லது என்று மேலே சொன்னேனே, இங்கே அதுவே எதிரி. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் தொப்பை தள்ளி நிற்கும், கட்டை நேராக அங்கேதான் குத்தும். அதனால் மணல் முடிந்து கருவைக்காட்டுக்குள் நுழையும் முன்னால் கம்ப்ரஸரை மாட்டிக் காற்றை ஏற்றிவிடுங்கள். சோம்பல் வரும், வெயில் அடிக்கும், இருந்தாலும் ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி 80-இல் பறப்பது இன்னும் மோசம். டயர் உள்ளுக்குள் சூடாகி வெடிக்கும். டயர் வாங்கும்போது பயணிகள் கார் வகையை விட்டுவிட்டு எல்டி (லைட் டிரக்) என்று போட்டது கிடைத்தால் எடுங்கள். சைடுவால் கனம் கூடுதல், சவாரி கொஞ்சம் முரடாக இருக்கும்.

உப்பைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கடற்கரையில் ஓடும் அலாய் வீலில் வெளிப்பக்கம் கீறல் விழுந்தால் தெரிந்துவிடும். உள்ளே டயரின் பீடு, அதாவது ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு, உட்கார்கிற வட்டத்தில் பெயிண்ட் உரிந்து உப்பு ஏறினால் தெரியாது. வாரத்துக்கு நாலைந்து பிஎஸ்ஐ இறங்கும், முள்ளும் கிடைக்காது, வால்வும் சரியாக இருக்கும். எங்கள் ஊர்ப் பஞ்சர் கடை அண்ணன் இப்படி வந்த வீலை முதலில் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைப்பார். ரிம் விளிம்பை ஒட்டி, ஒரு இடத்தில் இல்லாமல் கைநீளத்துக்கு வரிசையாக, கடுகு கடுகாகக் குமிழி கிளம்பும். டயரைக் கழற்றினால் பீடு உட்கார்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, சீலர் தடவி மாட்டுவார். "அண்ணே, இது மறுபடி வருமா?" என்று கேட்டால், "தம்பி, கடல் எங்கயும் போகாதுல்ல" என்பார். இரும்பு ரிம்மும் துருப்பிடிக்கும்தான். ஆனால் சுரண்டி பெயிண்ட் அடித்துவிடலாம், விளிம்பு வளைந்தால் சுத்தியலால் தட்டி நேராக்கலாம். அலாய் அப்படி அடிபட்டால் விரிசல் விட்டுவிடும். எதுவாக இருந்தாலும் கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் வீலின் உள்பக்கத்தையும் கழுவுங்கள்.

இனி பொருத்தம். வீலின் பின்பக்கம் பாருங்கள், ஜே என்ற எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். அதுதான் இன்ச் கணக்கில் ரிம் அகலம். 285/70 ஆர்17-க்கு ஏழரை முதல் ஒன்பது வரை ஏற்கும். நான் எட்டைத் தாண்டமாட்டேன். காற்று குறைவாக இருக்கும்போது குறுகிய ரிம்மில்தான் பீடு கழன்று வராமல் நிற்கும், டயரும் ரிம் விளிம்பைக் கொஞ்சம் மூடிக் காக்கும். அகல ரிம் போட்டு டயரை இழுத்து விரித்தால் மணலில் ஒரு திருப்பத்திலேயே பீடு கழன்றுவிடும். அதே பின்பக்கத்தில் ET என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும், அது ஆஃப்செட். அது 10 குறைந்தால் வீல் 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். உள்ளே உரசாது, ஆனால் வெளியே ஃபெண்டரில் உரசும், பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கையை இழுக்கும். கம்பெனி எண்ணிலிருந்து ரொம்ப விலகாதீர்கள். அதே தாரின் கீழ் மாடலுக்கு கம்பெனியே 245/75 ஆர்16 இரும்பு வீலில் கொடுத்தது, ஆகவே 16 வரை இறங்கலாம். 15 கேட்காதீர்கள், பிரேக் காலிபரில் தட்டலாம்.

என் காசு என்றால் அந்த 16 இன்ச் இரும்பு வீல் செட்டைத் தேடி வாங்கிவிடுவேன். டயர் உயரம் முப்பதரை இன்ச், உங்கள் 18-ஐ விட ரப்பர் சுவர் உயரம், எதையும் வெட்டவோ உயர்த்தவோ வேண்டாம். அது குட்டையாகத் தெரிகிறது என்றால் 17-இல் 265/70, சுமார் 31.6 இன்ச். 18-ஐக் கைவிட மனம் வராதவர் இருக்கிற டயரையே காற்றிறக்கி ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதும். 33-தான் என்று அடம்பிடித்தால், சுமார் இரண்டு இன்ச் சஸ்பென்ஷன் உயர்த்தாமல் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்ப முடியாது. ஸ்டெப்னியும் 33-ஆக இருக்க வேண்டும், அதன் கனம் முழுக்கப் பின்கதவுக் கீலில் தொங்கும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 84 போய்க்கொண்டிருப்பீர்கள். கம்பெனி விவரத்தில் இல்லாத மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சோதனையில் நிறுத்தினாலும் இன்ஷூரன்ஸ் கேட்கப் போனாலும் அந்தப் பேச்சு வரும்.

எங்கே ஓட்டலாம் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிப் பகுதியில் பூநாரைகளுக்கு 2025-இல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். வருடத் தொடக்க மாதங்களில் அந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும், சக்கரம் ஏறினால் மணலுக்குள் இருக்கிற முட்டை போச்சு. வனத்துறையிடம் கேட்காமல் அங்கே கரையில் இறங்கவே கூடாது. ஓட்டிப் பார்க்க சாயல்குடிப் பக்கம் தெரிந்தவர் பனந்தோப்பு மணல் இருந்தால் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

மாருதி ஜிம்னி வைத்திருக்கும் இன்னொருவரும் இதையே கேட்டிருந்தார். உங்களுக்கு வீலைத் தொட வேண்டிய வேலையே இல்லை. கம்பெனி 15 இன்ச் ரிம்மிலேயே 215/75 போட்டுக்கொள்ளுங்கள். வண்டி கனமில்லாதது, மணலில் எங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கயிறு வேண்டுமா என்று கேட்பீர்கள்.